சுமையைப் பங்கிட்டால் போதுமா?

தேர்வு முடிவு வெளியாகும் நாளில் 'சர்வர் முடங்கிவிட்டது' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். தட்கல் பயணச்சீட்டுக்காகக் காலை பத்து மணிக்குக் கணிப்பொறியின் முன் உட்கார்ந்தவர்களும் இதைக் கேட்டிருப்பார்கள். கேட்பதற்கு ஒரு காரணத்தைச் சொல்வதுபோல் இருக்கிறது. ஆனால் இது காரணம் அன்று. காய்ச்சலால் உடம்பு சுடுகிறது என்பதைப் போன்றதுதான். ஏன் முடங்கியது என்று மேலும் ஒரு கேள்வி கேட்டால், 'எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைந்தார்கள். இன்னும் நாலு சர்வர் போட்டிருக்க வேண்டும்' என்று பதில் வரும். இந்தப் பதில் பாதி சரி. மற்றப் பாதி எங்கே தவறுகிறது என்று பார்ப்போம்.

முதலில் நம் மாநிலத்துத் தேர்வு முடிவு அறிவிப்பையே எடுத்துக்கொள்வோம். 2019 ஏப்ரல் 19 அன்று காலை 9.30 மணிக்குப் பிளஸ் டூ முடிவுகள் வெளியாயின. தேர்வு எழுதியவர்கள் எட்டு லட்சத்துக்கும் மேல். முடிவைப் பார்க்க மூன்று இணைய முகவரிகள் அறிவிக்கப்பட்டன. ஒன்று 'டிஎன் ரிசல்ட்ஸ்'; மற்ற இரண்டும் 'டிஜிஇ 1', 'டிஜிஇ 2' என்று தொடங்குபவை. முந்திய ஆண்டும் இவையே. அந்த 1, 2 என்ற வால்களைக் கவனியுங்கள். வரும் கூட்டத்தை ஒரே வாசலில் நெருங்கவிடாமல் இரண்டு மூன்று வாசல்களுக்குப் பிரித்து அனுப்பும் ஏற்பாடு அது. கணிப்பொறித் துறையினர் இதைத்தான் 'லோடு பேலன்சிங்' என்கிறார்கள். நாம் சுமைப் பங்கீடு என்போம்.

இந்த ஏற்பாட்டில் பங்கிடும் வேலையைச் செய்வது யார்? எந்தப் பொறியும் அல்ல; செய்தித்தாளைக் கையில் வைத்திருக்கும் மாணவரே எந்த வாசலில் நுழைவது என்று தீர்மானிக்க வேண்டும். அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? பட்டியலில் முதலில் இருப்பதை. அல்லது சென்ற ஆண்டு அண்ணன் பார்த்ததை. அல்லது ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட்டதை. ஆக, பங்கீடு சமமாக இருக்க வழியே இல்லை. ஒவ்வொரு வாசலுக்கும் பின்னால் எத்தனை சர்வர்கள் இருந்தாலும், வாசலுக்கு வாசல் நெரிசல் வேறுபடத்தான் செய்யும்.

கொஞ்சம் சமமில்லாமல் போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். இதற்குக் கணக்குப் போட்டே பதில் சொல்ல வேண்டும். டென்மார்க் நாட்டில் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்ற கணித அறிஞர், தொலைபேசி அழைப்புகள் எப்படி நெருக்குகின்றன என்பதை ஆராய்ந்து 1909இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வரிசைகளைப் பற்றிய கணிதம் அதிலிருந்து வளர்ந்தது. அதில் வரும் எளிய சூத்திரம் ஒன்று போதும். வினாடிக்கு 100 வேண்டுகோள்களைக் கவனிக்கக்கூடிய ஒரு சர்வர் இருக்கிறது என்க. வேண்டுகோள்கள் ஒழுங்கின்றி, தற்செயலாக வருகின்றன; ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் கூடக்குறைய இருக்கிறது. அப்போது ஒரு வேண்டுகோள் சர்வரில் கழிக்கும் சராசரி நேரம், சர்வரின் திறனிலிருந்து வருகையைக் கழித்து, வரும் எண்ணால் 1ஐ வகுத்தால் கிடைக்கும். வினாடிக்கு 50 வந்தால் 1/50 வினாடி, அதாவது 20 மில்லி வினாடி. 90 வந்தால் 100 மில்லி வினாடி. 99 வந்தால் ஒரு முழு வினாடி. வருகை இரண்டு மடங்காகவில்லை. காத்திருக்கும் நேரமோ ஐம்பது மடங்காகிவிட்டது!

இப்போது இதே போன்ற இரண்டு சர்வர்களை வையுங்கள். மொத்த வருகை வினாடிக்கு 160. சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 80. காத்திருக்கும் நேரம் 50 மில்லி வினாடி. முதல் முகவரியைச் சற்று அதிகம் பேர் விரும்பி 95 பேர் ஒரு பக்கமும் 65 பேர் மறுபக்கமும் போனால், முதற்பக்கத்தில் 200 மில்லி வினாடி, மறுபக்கத்தில் 29. எல்லோருக்குமான சராசரி 130. இனி 105க்கு 55 என்று பிரிந்தால்? முதற்பக்கத்தில் வினாடிக்கு ஐந்து பேர் மிஞ்சிப் போகிறார்கள். பத்து நிமிடத்தில் 3,000 வேண்டுகோள்கள் தேங்கிவிடும். புதிதாக வருபவர் அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். அதே வேளையில் இரண்டாம் சர்வர் பாதித் திறன் சும்மா கிடக்க, ஓய்வாக வேலை செய்துகொண்டிருக்கும். 'சர்வர் முடங்கியது' என்று முதற்பக்கத்துக்காரர்கள் சொல்வதும் உண்மை. 'எனக்கு உடனே வந்துவிட்டதே' என்று மறுபக்கத்துக்காரர்கள் சொல்வதும் உண்மை.

இன்னொரு வழியும் உண்டு. இரண்டு வரிசைகளை அறவே ஒழித்து ஒரே பொது வரிசை வைத்து, எந்த சர்வர் ஒழிகிறதோ அதற்கு அடுத்த ஆளை அனுப்பினால், அதே 160 வருகைக்குச் சராசரி 28 மில்லி வினாடிதான். இயந்திரம் ஒன்றுகூடக் கூட்டவில்லை. பங்கிடும் முறையை மாற்றினோம், அவ்வளவே. 130, 50, 28 ஆகிய இந்த மூன்று எண்களையும் பார்த்த பிறகு, 'இன்னும் நாலு சர்வர்' என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பங்கிடுவதை மாணவரிடம் விடாமல் பொறியிடம் ஒப்படைப்பது புதுமையும் அன்று. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மீக்கணிப்பொறி மையம் உலாவி ஒன்றை வெளியிட்டதும் அதன் சர்வரை மக்கள் மொய்க்கத் தொடங்கினார்கள். 1994இல் அம்மையத்தார் பல சர்வர்களை வைத்து, அவற்றுக்கெல்லாம் ஒரே பெயர் சூட்டினார்கள். பெயரைக் கேட்டு வருபவர்களுக்கு, முகவரி சொல்லும் பொறி ஒருவருக்கு முதல் சர்வரையும் அடுத்தவருக்கு இரண்டாம் சர்வரையும் காட்டும். கடைசி சர்வர் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நம் அறிவிப்பில் 1, 2 என்று அச்சிட்டு மாணவர் தலையில் கட்டியது, கால் நூற்றாண்டுக்கு முன்பே பெயர்ப் பட்டியலுக்குள் மறைக்கப்பட்டுவிட்ட வேலை.

இங்கே இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் ஓர் உவமையைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. பக்க இணைப்பில் உள்ள மின்தடைகளில் மின்னோட்டம் பிரிவதுபோல சர்வர்களிலும் சுமை பிரிகிறது என்று சிலர் விளக்குகிறார்கள். அழகான உவமை, ஆனால் தவறானது. மின்சுற்றில் தடை குறைந்த வழியில் அதிக மின்னோட்டம் தானாகவே போகிறது. எந்த எலெக்ட்ரானும் வழியைத் தேர்ந்தெடுப்பதில்லை. மின்னழுத்த வேறுபாடு அதை ஒழுங்கு செய்துவிடுகிறது. சர்வர்களுக்கு இப்படி ஓர் இயற்கை விதி கிடையாது. நிரம்பி வழியும் சர்வர் புதிய வேண்டுகோளைப் பின்னுக்குத் தள்ளுவதில்லை. வாங்கி வைத்துக்கொண்டு திணறும். ஆகையால் யாராவது ஒருவர் நின்று வழிகாட்டியே தீரவேண்டும்.

பொருத்தமான உவமை வேண்டுமானால், கள்ளக்குறிச்சி வட்டாரத்து உழவர்களைக் கேளுங்கள். கல்வராயன் மலையில் பிறந்து இறங்கும் கோமுகி ஆற்றுக்குக் கச்சிராயபாளையத்துக்கு அருகே அணை இருக்கிறது. கள்ளக்குறிச்சிக்கு அப்பால் மணிமுத்தா அணை. தண்ணீர் குறைவான காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவது என்றால் என்ன என்பதை இப்பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இன்று உன் வயலுக்கு, நாளை அவர் வயலுக்கு என்று முறை வைப்பதும், சர்வர்களுக்கு வரிசையாக வேண்டுகோள்களை அனுப்புவதும் ஒன்றே. ஆளுக்கு ஒரு முறை என்றால் அரை ஏக்கர்க்காரருக்கும் ஐந்து ஏக்கர்க்காரருக்கும் ஒரே நேரம் தண்ணீர் வரும். எனவே நிலத்தின் அளவுக்கேற்ப நாழிகையைக் கூட்டிக் குறைப்பார்கள். அதேபோல் பெரிய சர்வருக்கு மூன்று, சிறியதற்கு ஒன்று என்று எடை போட்டு அனுப்பும் முறையும் உண்டு. இதிலும் ஒரு குறை இருக்கிறது. எல்லா வேண்டுகோளும் ஒரே அளவு வேலை வைப்பதில்லை. மதிப்பெண்ணைப் பார்க்க வருபவரும், விண்ணப்பத்துடன் நான்கு சான்றிதழ்களை ஏற்றுபவரும் முறைக் கணக்கில் சமம்.

அப்படியானால் எந்த சர்வர் இப்போது காலியாக இருக்கிறது என்று பார்த்து அனுப்பினால் என்ன? நல்ல யோசனைதான். ஆனால் பேருந்து நிலையத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். தூரத்தில் காலியாக ஒரு பேருந்து நுழைவதைக் கண்டதும் எல்லோரும் அதை நோக்கி ஓடுகிறார்கள். அருகில் போவதற்குள் அது நிரம்பிவிடுகிறது. பங்கீட்டுப் பொறிகள் பல இருந்து, அவை எல்லாமே சில வினாடி பழைய தகவலைப் பார்த்து முடிவு செய்தால், காலியாக இருந்த ஒரே சர்வர் மேல் அத்தனையும் போய் விழும்.

இதற்கு ஒரு விசித்திரமான தீர்வு உண்டு. எல்லா சர்வர்களையும் பார்க்காதே. கண்ணை மூடிக்கொண்டு ஏதேனும் இரண்டைத் தொடு. அந்த இரண்டில் சுமை குறைந்ததற்கு அனுப்பு. 1994இல் அசார், பிராடர், கார்லின், அப்ஃபால் ஆகிய நால்வர் இதன் கணிதத்தை வெளியிட்டனர். மிட்சன்மாக்கர் 1996இல் தம் ஆய்வேட்டில் வரிசைகளுக்கு அதை விரிவுபடுத்தினார். நீங்களே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு தாளில் பத்துக்குப் பத்தாக நூறு கட்டங்கள் போடுங்கள். 0 முதல் 9 வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கி இருமுறை எடுத்தால் ஒரு கட்டத்தின் எண் கிடைக்கும். எடுத்த சீட்டை மறுபடி போட்டுவிட வேண்டும். அக்கட்டத்தில் ஒரு புளியங்கொட்டை வையுங்கள். இப்படி நூறு கொட்டைகளையும் வைத்து முடித்தால், மிக நெரிசலான கட்டத்தில் பெரும்பாலும் நான்கோ ஐந்தோ இருக்கும். அடுத்து, ஒவ்வொரு கொட்டைக்கும் இரண்டு கட்டங்களை எடுத்து, குறைவாக உள்ளதில் வையுங்கள். இம்முறை நெரிசல் மூன்றைத் தாண்டுவது அரிது. மூன்று கட்டங்களை எடுத்துப் பார்த்தால் கிடைக்கும் கூடுதல் பயன் மிகச் சொற்பம். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவதில்தான் லாபமெல்லாம். வகுப்பில் நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

பங்கீட்டின் புகழைப் பாடியது போதும். இனி அதன் குறைகளைச் சொல்லியாக வேண்டும்.

மூன்று சர்வர்கள், ஒவ்வொன்றுக்கும் திறன் வினாடிக்கு 100. வருகை 240. ஆளுக்கு 80, ஒரு தொல்லையும் இல்லை. ஏதோ காரணத்தால் ஒன்று நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்கீட்டுப் பொறி தன் கடமையைத் தவறாமல் செய்து, 240ஐயும் மிஞ்சிய இரண்டுக்கும் 120 வீதம் பிரித்துக் கொடுக்கிறது. இரண்டுமே திறனை மீறித் திணறுகின்றன. சற்று நேரத்தில் அவையும் நிற்கின்றன. ஒரு சர்வரின் கோளாறு, பங்கீட்டின் புண்ணியத்தால் எல்லா சர்வர்களின் கோளாறாகிவிட்டது! இந்நிலையில் செய்யத்தக்கது ஒன்றே. வினாடிக்கு 180 பேரை மட்டும் உள்ளே விட்டு, மற்ற 60 பேரிடம் 'இரண்டு நிமிடம் கழித்து வாருங்கள்' என்று வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். திருப்பி அனுப்புவது மரியாதைக் குறைவு என்று நினைத்து எல்லோரையும் உள்ளே விடுகிற அமைப்பு ஒருவருக்கும் சோறு போடாது.

திருப்பி அனுப்பப்பட்டவர் என்ன செய்வார் என்பது அடுத்த சிக்கல். அவர் உடனே மறுபடி பொத்தானை அழுத்துவார். பதில் வராவிட்டால் இன்னும் வேகமாக அழுத்துவார். ஒவ்வொரு அழுத்தமும் சர்வருக்கு ஒரு புதிய வேண்டுகோள். தோற்றவர் மறுபடி முயல்வதற்குமுன் காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டித்துக்கொண்டே போக வேண்டும் என்பதை, ஒரே கம்பியைப் பல கணிப்பொறிகள் பகிர்ந்துகொள்ளும் ஈத்தர்நெட் அமைப்பு 1970களிலேயே கடைப்பிடித்தது. கம்பிக்குத் தெரிந்த இந்தப் பொறுமை, மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கும் பதினேழு வயதுக்காரருக்கு இருக்காது. இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அந்தப் பொறுமையைப் பக்கத்தை வடிவமைப்பவர்தான் அதற்குள் எழுதி வைக்க வேண்டும்.

மலைமேல் இருப்பவர்

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறுங்கள். வளைவுக்கு வளைவு கைபேசியின் அலைக் குறியீடு குறைந்துகொண்டே வரும். கைபேசி பயன்படுத்தும் நுண்ணலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. குறுக்கே ஒரு முகடு நின்றால் அதன் பின்னால் அலைநிழல் விழும். கல்வராயன் மலையோ முகடும் பள்ளமுமாகவே அமைந்தது. ஊர்களும் சிறியவை, சிதறிக் கிடப்பவை. 2019 நவம்பர் 26இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அலைநிழலுக்கு மாவட்ட எல்லை தெரியாது.

நகரத்தில் நல்ல இணைப்பு உள்ள மாணவர் சர்வருடன் அரை வினாடி பேசிவிட்டு விலகிவிடுகிறார் என்போம். மலையில் இருப்பவருக்கு அதே பக்கம் சொட்டுச் சொட்டாக இறங்க இருபது வினாடி ஆகிறது. அந்த இருபது வினாடியும் சர்வரில் ஓர் இடத்தை அவர் பிடித்திருக்கிறார். உள்ளே இருப்போர் எண்ணிக்கை, வருகை வீதத்தையும் ஒருவர் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இது. ஆகவே சர்வரின் கணக்கில் ஒரு மலைவாசி மாணவர் நாற்பது நகரத்து மாணவர்களுக்குச் சமம். இதற்கு அஞ்சி, பத்து வினாடிக்குமேல் நீடிக்கும் தொடர்பைத் துண்டித்துவிடு என்று கட்டளை எழுதி வைப்பார்கள். நகரத்தில் அமர்ந்து எழுதப்படும் கட்டளை. அங்கே சோதித்தால் யாரும் துண்டிக்கப்படுவதில்லை. மலையில் இருப்பவரோ பாதிப் பக்கம் இறங்கியவுடன் துண்டிக்கப்பட்டு, முதலிலிருந்து தொடங்கி, மறுபடி துண்டிக்கப்படுகிறார். அவருடைய வேண்டுகோளைப் பங்கீட்டுப் பொறி மிக நியாயமாக, சுமை மிகக் குறைந்த சர்வருக்கே அனுப்பியிருக்கும். என்ன பயன்? வாய்க்காலின் தலைப்பில் எவ்வளவு திறமையாக முறை வைத்தாலும், கடைமடைக்குப் போகும் கிளை தூர்ந்து கிடந்தால் கடைமடைக்காரருக்குத் தண்ணீர் வராது.

செய்யக் கூடியவை இல்லாமல் இல்லை. மெதுவான தொடர்புகளை ஆயிரக்கணக்கில் தாங்கிக்கொண்டு காத்திருப்பதற்கென்றே முன்வாசலில் ஒரு பொறியை நிறுத்தலாம். பின்னால் இருக்கும் சர்வர் தன் விடையை அதனிடம் நொடியில் ஒப்படைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகும். ரஷ்யரான இகோர் சிசோயெவ் எழுதி 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள் இவ்வேலைக்குப் பெயர்பெற்றது, விலையின்றிக் கிடைப்பது. அதைவிட எளியது பக்கத்தை மெலிய வைப்பது. ஒரு மாணவரின் பெயரும் ஆறு மதிப்பெண்களும் 500 பைட்டுக்குள் அடங்கும். வினாடிக்கு 50 கிலோபிட் வரும் மெலிந்த இணைப்பில்கூட அது பத்தில் ஒரு வினாடிக்குள் வந்துவிடும். அதையே படங்களும் அலங்காரமுமாக இருபது லட்சம் பைட்டாக்கினால், அதே இணைப்பில் ஐந்து நிமிடத்துக்குமேல். இந்த நாலாயிரம் மடங்கு வித்தியாசத்தை எந்தச் சுமைப் பங்கீட்டாலும் ஈடுகட்ட முடியாது.

தேர்வுத் துறையின் ஏற்பாட்டில் நான் மிகவும் பாராட்டுவது, பள்ளியில் கொடுத்த கைபேசி எண்ணுக்கு மதிப்பெண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்புவதைத்தான். இதை ஒரு கூடுதல் வசதிபோலக் கடைசி வரியில் அறிவிக்கிறார்கள். உண்மையில் இதுவே தலைசிறந்த பங்கீடு. இணையப் பக்கத்தில் எப்போது, எத்தனை பேர் வருவது என்பதைக் கூட்டம் தீர்மானிக்கிறது. குறுஞ்செய்தியிலோ, அனுப்புபவர் தம் வசதிப்படி வினாடிக்கு இத்தனை என்று அனுப்புகிறார். அலைநிழலில் இருப்பவருக்குரிய செய்தியை வலையமைப்பு சேமித்து வைத்திருந்து, அவர் கைபேசிக்கு அலை கிடைத்ததும் சேர்ப்பிக்கிறது. மறுபடி மறுபடி பொத்தானை அழுத்த வேண்டிய தேவையே இல்லை. அண்மை ஆண்டுகளில் டிஜிலாக்கர் தளத்திலும் முடிவுகள் வெளியாகின்றன, நல்லதே. ஆனால் அது இன்னொரு வாசல். குறுஞ்செய்தியோ வாசலுக்கே வரத் தேவையில்லாத வழி.

தேர்வு முடிவு விஷயத்தில் ஒரு மணி நேரம் தாமதமானாலும் மதிப்பெண் மாறிவிடாது. முந்தியவருக்கே கிடைக்கும் என்ற இடத்தில் நிலைமை வேறு. 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு, 18 வயதுக்கு மேற்பட்டோரின் தடுப்பூசிப் பதிவு கோவின் தளத்தில் தொடங்கியது. தொடக்கத்தில் சிறு தடங்கல் ஏற்பட்டுச் சரிசெய்யப்பட்டது என்று அறிவித்தார்கள். அன்று மட்டும் 1.3 கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். பொறியியல் சாதனை என்ற அளவில் இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சர்வர்களுக்கிடையே சமமாகப் பங்கிடப்பட்ட அந்தச் சுமை, மக்களுக்கிடையே சமமாகப் பங்கிடப்பட்டதா? நேரத்தைக் குறித்து எல்லோரையும் ஒரே நொடியில் ஓடவிட்டால், விரைவான இணைப்பு உள்ளவர் முன்னே நிற்பார். இணைய வசதியில் உள்ள ஏற்றத்தாழ்வை அதே ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றமே சுட்டிக்காட்டியது. நேரில் வந்து பதிவு செய்துகொள்ளவும் பின்னர் அரசு மையங்களில் வழி செய்யப்பட்டது.

ரயில்வே இந்த ஓட்டப்பந்தயத்தை ஓரளவு உடைத்துப் பார்த்தது. 2015 ஜூன் 15 முதல் குளிர்சாதன வகுப்புத் தட்கல் பத்து மணிக்கும் மற்ற வகுப்புகள் பதினொரு மணிக்கும் திறக்கின்றன. ஒரு முகட்டை இரண்டாகப் பிரித்தார்கள்; சர்வருக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. பதினொரு மணி முகட்டுக்குள்ளே யார் முந்துகிறார் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. விண்ணப்பங்களை ஒரு நாள் முழுவதும் வாங்கிவைத்து, மாலையில் குலுக்கிப் போட்டு இடம் ஒதுக்கினால் முகடே எழாது. சில மில்லி வினாடி முந்துவதற்கும் பொருள் இராது. இடங்கள் குறைவாகவும் கேட்பவர் மிகுதியாகவும் உள்ள எந்த அரசுப் பதிவுக்கும் இது பொருந்தும். அதற்கு வேண்டிய சர்வர்களும் இப்போது இருப்பதைவிடக் குறைவே.

தேர்வு முடிவுப் பக்கத்தை அடுத்த முறை அமைப்பவர்களுக்கு ஒரு சோதனையைச் சொல்லலாம். சென்னையில் ஆயிரம் கணிப்பொறிகளிலிருந்து தாக்கிப் பார்க்கும் வழக்கமான சோதனையோடு, வெள்ளிமலைக்கு அப்பால் அலை மங்கும் ஓர் ஊரில் விலை குறைந்த கைபேசி ஒன்றை வைத்து, பக்கம் முழுதாக இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்து, தொடர்பைத் துண்டிக்கும் நேரத்தை அதற்குமேல் நிர்ணயிக்கட்டும்.